அடை வைக்கும் நாளிலேயே தொடங்கும் கணக்கு

இரவு எட்டு மணிக்கு மேல் கூண்டுக்குள் கையை விட்டால் சேவல் ஓடாது. பகலில் என் நிழலைக் கண்டாலே சிறகடித்து விலகும் அதே பறவை, இருட்டில் என் உள்ளங்கை அதன் வயிற்றுக்கு அடியில் நுழையும்போது தொண்டைக்குள் ஒருமுறை மெல்ல முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. இரண்டு சிறகுகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வரும்போது அதன் சூடு சட்டையைத் தாண்டி என் விலாவில் ஏறும். கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். அதனால்தான் எத்தனை முறை தூக்கினாலும் அந்தச் சூடு கைக்குப் புதிதாகவே இருக்கிறது. தனியாக ஒரு பஞ்சாரத்தில் அதை விட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, தீவனம் வைக்காமல் மூடுவேன். மறுநாள் விடியும் முன் அதை அறுக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

எங்களிடம் இருப்பது பெரிய பண்ணை அல்ல. வீட்டை ஒட்டிய சிறு நிலம், பதினைந்துக்குள் அடங்கும் கோழிகள், மூன்று வெள்ளாடுகள், அவை ஈனும் குட்டிகள், அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டின் முட்டையும் பாலும் முழுவதும், இறைச்சி ஓரளவும், இவற்றிலிருந்தே வருகின்றன. இதைப் பிறரிடம் சொல்லும்போது எனக்குப் பெரும்பாலும் இரண்டு மறுமொழிகளில் ஒன்று கிடைக்கிறது. “கையால வளர்த்துட்டு எப்படி மனசு வருது?” என்பது ஒன்று, கேட்பவர் அநேகமாக இறைச்சி உண்பவராகவே இருக்கிறார். “நீங்கள் வளர்ப்பது நல்ல முறை, அதில் குற்றமே இல்லை” என்பது மற்றொன்று. முதலாவது என்னைக் கல்நெஞ்சன் ஆக்குகிறது, இரண்டாவது என்னைப் புண்ணியவான் ஆக்குகிறது. இரண்டும் கேள்வியைக் கொண்டுபோய்க் கத்தி கழுத்தில் படும் அந்த ஒரு நொடியில் நிறுத்திவிடுகின்றன. அந்த நொடி ஒரு நீண்ட கணக்கின் கடைசி வரி என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கற்றது. கணக்கு தொடங்குவது முட்டைகளை அடைக்கு வைக்கும் நாளில். இடையில் வரும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

நாங்கள் தொடங்கியபோது இறைச்சி என்ற எண்ணமே இல்லை. முட்டை போதும் என்று நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினோம். அடுத்த ஆண்டு ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. முட்டையிடும் பெட்டியை விட்டு எழ மறுத்து, கையை நீட்டினால் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்த அதன் பிடிவாதத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், பதினோரு முட்டைகளை அதன் அடியில் வைத்தோம். சரியாக 21-ஆம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. ஈரம் காயாத குஞ்சு தாயின் இறகுக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்ததைக் கண்டு வீடே கொண்டாடியது. அன்று நான் எண்ண மறந்த எண் ஒன்று உண்டு. ஒன்பதில் ஐந்து சேவல்.

பொரியும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி ஆணாக இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்த உண்மைதான். அதன் பொருள் என்ன என்பதை நான் அந்தக் குஞ்சுகளுக்கு ஐந்து மாதம் ஆனபோதுதான் விளங்கிக்கொண்டேன். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். எங்களிடம் அப்போது எட்டுப் பெட்டைகளுக்கு ஆறு சேவல்கள் இருந்தன. அவை ஒன்றையொன்று இரத்தம் வரக் கொத்தின. மாறி மாறி மிதித்ததில் பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் சிவந்தது. ஒன்றின் விலாவில் கால்முள் கிழித்த புண் ஆறவே மூன்று வாரம் பிடித்தது. சேவல்களைத் தனியாக அடைத்தால் அங்கேயும் சண்டை. சேவலையும் கொல்லாமல் பெட்டையையும் வதைக்காமல் இருக்க ஒரு வழி தேடி, மூன்று சேவல்களை “நல்ல வீட்டுக்கு” என்று சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அவற்றை என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் பதில் எனக்குத் தெரியும் என்பதுதான். செய்ய வேண்டிய வேலையை, அதை எப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கொல்லாதவன் என்ற பெயரை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் மிகவும் வெட்கப்படுவது அதற்குத்தான்.

பாலுக்கும் இதே கணக்குதான். ஆடு குட்டி ஈன்றால்தான் பால் சுரக்கும். சினையாகி ஏறக்குறைய 150 நாளில் ஈனும். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். அவற்றிலும் பாதி கிடா. கிடாக்குட்டிகள் மூன்று நான்கு மாதத்திலேயே தாயோடும் உடன்பிறந்த பெட்டையோடும் இணைசேர முயலும், பிரித்து வைத்தாக வேண்டும். ஆண்டுதோறும் இரண்டோ மூன்றோ கிடாக்கள் சேர்ந்துகொண்டே போனால், ஒரு சிறு நிலம் தாங்காது. ஆகவே “நான் முட்டையும் பாலும் மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன், உயிரைத் தொடுவதில்லை” என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தட்டுக்கு வராத ஆண் உயிர்கள் எங்கே போயின என்ற கேள்வி அவர் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பெரும் முட்டைத் தொழிலில் அதற்கான விடை மிகக் கொடியது. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனத்தின் சேவலில் சதை பிடிக்காது என்பதால், ஆண் குஞ்சுகள் பொரிந்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைத் தடை செய்தது. முட்டைக்குள் இருக்கும்போதே கருவின் பாலினத்தைக் கண்டறியும் கருவிகள் அங்கு பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. அப்படி ஒரு கருவி என் கொட்டிலில் இல்லை. என்னிடம் இருப்பவை அடைக்கோழியும் நான் அதன் அடியில் வைக்கும் முட்டைகளின் எண்ணிக்கையும் மட்டுமே.

சொற்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் நாம் உண்ணும் இறைச்சிக்கு அந்த விலங்கின் பெயரே நிற்கிறது: கோழிக்கறி, ஆட்டுக்கறி. உண்பது யாரை என்பதை மொழி மறைக்கவில்லை என்று நான் மகிழ்ந்ததுண்டு. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். முட்டைக்கோழி, கறிக்கோழி என்று நாம் பிரித்துவிட்டோம். கறிக்கோழி என்ற சொல்லில் அந்தப் பறவை உயிரோடு நடமாடும்போதே கறியாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு ஏற்பவே அதன் உடலும் வார்க்கப்பட்டிருக்கிறது. பெரும் பண்ணைகளில் ஆறு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தாண்டும் அளவுக்கு அது வளர்கிறது. அந்த எடையைத் தாங்க முடியாமல் பலவற்றுக்குக் கால்கள் நொடித்துப்போகின்றன. முட்டைக்கோழியோ ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகிறது; அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். இதை எழுதுவது பெரும் பண்ணைகளைத் திட்டிவிட்டு என் சிறு கொட்டிலை உயர்த்திக் காட்டுவதற்காக அல்ல. என் கொட்டிலிலும் அந்த இனங்களின் கலப்பு இருந்தது. அதன் விலையை என் கண்முன்னால் ஒரு பெட்டை கொடுத்தது.

அது சாம்பல் நிறப் பெட்டை. மூன்றாம் வயதில் முட்டையிடுவதை நிறுத்தியது. பிறகு வயிறு கீழே தொங்கத் தொடங்கியது. உடலை நிமிர்த்தி, கால்களை அகட்டி, கனத்த பானையைச் சுமப்பதைப் போல நடந்தது. மிகுதியாக முட்டையிடும் இனங்களில் கருப்பாதையும் வயிற்று உறையும் நோய்ப்பட்டு நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நேர்வது. கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது தேறாது, துன்பப்படாமல் முடித்துவிடுவது நல்லது என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெட்டை நான் மண்வெட்டி எடுத்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து காலடியில் நிற்கும். புரட்டிய மண்ணில் புழு கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும். அதைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் பார்ப்போம் என்றேன். மறுநாள் அது இரண்டு தானியம் கொத்தியது. தேறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் மூச்சு விடும்போது வாலும் சேர்ந்து ஏறி இறங்கியது. இரையாகிவிட அஞ்சி வாழும் பறவைகள் நோவை வெளியே காட்டுவதில்லை; காட்டினால் வேட்டை விலங்கின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். ஆகவே கோழி நோய்ப்பட்டிருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியும்போதே அது நெடுநாள் தாங்கிவிட்டது என்றுதான் பொருள். நான்காம் நாள் காலையில் அது கூண்டின் மூலையில், மற்ற கோழிகள் கொத்திய தலையோடு, இன்னும் உயிரோடு கிடந்தது. அன்றுதான் செய்தேன்.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்ட எல்லோரும் “பாவம், அவ்வளவு பாசம் வைத்திருந்தீர்கள்” என்றார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று நாள் அது பட்ட வேதனை என் பாசத்துக்காகப் பட்டது. நான் வருத்தப்படாமல் இருப்பதற்காக அது வலியில் கிடந்தது. உணவுக்காக நான் அறுத்த எந்தச் சேவலுக்கும் நான் இவ்வளவு தீங்கு செய்ததில்லை. கொல்லுவதுதான் கொடுமை, கொல்லாமல் இருப்பது கருணை என்று எளிதாகப் பிரித்து வைத்திருந்த என் மனக்கோடு அந்த மூலையில் அழிந்தது.

முதல் அறுப்பையும் நான் மறைக்கக் கூடாது. மேலே சொன்ன மூன்று சேவல்களைக் கொடுத்துவிட்ட பிறகு, இனி இப்படிச் செய்யக்கூடாது என்று உறுதி செய்துகொண்டு, மீதியில் ஒன்றை நானே அறுக்க முற்பட்டேன். எப்படிச் செய்வது என்று படித்திருந்தேன், பிறர் செய்யப் பார்த்தும் இருந்தேன். தெரியும் என்று நினைத்தேன். சமையலறைக் கத்தியைச் சற்றுத் தீட்டி எடுத்துப் போனேன். கழுத்து இறகுகள் எவ்வளவு வழுக்கும், அதன் அடியில் தோல் எவ்வளவு தளர்ந்து நகரும் என்பது எனக்குத் தெரியவில்லை. முதல் இழுப்பில் தோல் மட்டும் பிரிந்தது. சேவல் கத்தியது. என் கை நடுங்கியதில் இரண்டாவது இழுப்பும் பிழைத்தது. மூன்றாவதில் முடிந்தது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நடந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் இன்றும் நொடி நொடியாகச் சொல்ல முடியும். அன்று அந்த இறைச்சியை உண்ண எங்களால் முடியாமல் புதைத்துவிட்டோம். இப்போது யோசித்தால், அதுவும் ஒரு தவறு. அது பட்ட பாட்டுக்கு ஒரு பயனும் இல்லாமல் செய்துவிட்டோம்.

பிறகு அனுபவமுள்ள ஒரு பெரியவரிடம் போய் முறையாகக் கற்றுக்கொண்டேன். “கத்தி மேல நம்பிக்கை வராம கோழி மேல கை வைக்காதே” என்பதுதான் அவர் முதலில் சொன்னது. சாணைக்கல்லில் கத்தி தீட்டவே இரண்டு வாரம் பழக்கினார். அவரிடம் கற்றவற்றையும் பின்னர் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இன்று நான் கடைப்பிடிப்பது இது. முந்தைய இரவில் இருட்டில் பிடிப்பது, துரத்தாமல் இருப்பதற்காக. பத்து மணி நேரம்போல் தீவனத்தை நிறுத்துவது, இரைப்பை காலியாக இருப்பதற்காக. ஆனால் தண்ணீரை ஒருபோதும் நிறுத்துவதில்லை. மற்ற கோழிகளின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடம். தலைகீழாகச் செருகி வைக்கும் கூம்பு. அதில் சிறகுகள் விரிய முடியாது, பறவை சட்டென்று அமைதியாகிவிடுகிறது. தாடைக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெரிய இரத்தக் குழாய்களை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அதன்பின் வரும் துடிப்பும் சிறகடிப்பும் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் என்று எனக்குத் தெரியும்; தெரிந்தும் அது அடங்கும்வரை ஒரு கையை அதன் மார்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அங்கிருந்து நகர எனக்கு மனம் வந்ததில்லை.

இப்படி அமைதியாகச் செய்வதற்கு இறைச்சியின் தரமும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். அது உண்மைதான். ஓட்டமும் அச்சமும் தசையில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைத் தீர்த்துவிடும். அது இல்லாவிட்டால் இறந்த பின் தசையில் இயல்பாக உருவாக வேண்டிய அமிலத்தன்மை வராது. ஆட்டிலும் மாட்டிலும் இறைச்சி கறுத்து, இறுகி, விரைவில் கெடும். ஆனால் இந்தக் காரணத்தை முதலில் வைத்துப் பேசுபவர்களிடம் எனக்கு ஓர் ஐயம் உண்டு. இறைச்சி கெடாது என்று நிரூபணமானால் அவர்கள் துரத்திப் பிடிப்பார்களா?

சிறிய அளவில் வளர்ப்பதாலேயே விலங்குகள் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை என்னிடமும் இருந்தது. அதை நான் இப்போது நம்புவதில்லை. பிரிட்டனில் 1965-இல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையிலான குழு, பண்ணை விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1979-இல் அங்குள்ள பண்ணை விலங்கு நலக் குழு அதை விரித்து, பசி தாகமின்மை, அசௌகரியமின்மை, வலியும் நோயும் இன்மை, இயல்பான நடத்தைக்கு இடம், அச்சமும் மனவேதனையும் இன்மை என்று ஐந்து சுதந்திரங்களாக வகுத்தது. இவற்றை நான் ஒரு தாளில் எழுதிக் கொட்டில் கதவில் ஒட்டி, என் ஆண்டுக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். மண்ணைக் கிளறவும் வெயிலில் புழுதிக் குளியல் போடவும் இடம் கொடுத்ததில் நான் தேறினேன். மற்றவற்றில் பல இடங்களில் தவறியிருந்தேன். ஒருமுறை வெளியூர் போனபோது தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்ததை யாரும் கவனிக்காமல், கடும் வெயிலில் ஒரு முழுப் பகல் கோழிகள் தண்ணீரில்லாமல் இருந்திருக்கின்றன. ஓர் ஆட்டுக்குக் குடற்புழு முற்றி, கண் இமையின் உட்புறம் வெளுத்த பிறகே கவனித்தேன். அந்த இமையை வாரம் ஒருமுறை பார்த்திருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும். பெரும் பண்ணையில் குறைந்தபட்சம் தண்ணீரைக் கண்காணிக்க ஒரு கருவி இருக்கும். என் பண்ணையில் நான் மட்டுமே அந்தக் கருவி. எனக்குக் காய்ச்சல் வந்தால், சோம்பல் வந்தால், மனம் சரியில்லாமல் போனால், அதன் விலையை அவைதாம் கொடுக்கின்றன.

பெயர் வைப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அறுக்கப் போவதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று நாங்களும் ஒரு விதி வைத்திருந்தோம். அது ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் தெரிகிறது. அடையாளம் தெரிந்த பிறகு பெயர் ஒரு சடங்குதான். நார்வேயைச் சேர்ந்த தோர்லைப் ஷெல்டெருப் எப்பே சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கூர்ந்து பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தார். 1920-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்துதான், கோழிக் கூட்டத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை அறிவுலகம் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கோழியும் மற்ற கோழிகளைத் தனித்தனி ஆளாக அறிந்திருந்தால்தான் அப்படி ஓர் ஒழுங்கு சாத்தியம். செம்மறி ஆடுகள் தம் இனத்தின் ஐம்பது முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நினைவில் வைத்திருக்கும் என்று பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. நாம் அவற்றை அறிகிறோம் என்பது பெரிய செய்தி அல்ல. அவை நம்மை அறிகின்றன. என் காலடி ஓசையையும் என் மனைவியின் காலடி ஓசையையும் எங்கள் ஆடுகள் பிரித்தறியும். அவள் வரும்போது மட்டுமே கத்தும், ஏனென்றால் தீவனம் அவள் கையில்தான் வரும்.

என் மனைவி எங்கள் கொட்டிலில் வளர்ந்ததை உண்பதில்லை. குஞ்சுகளை என்னைவிட நன்றாகக் காப்பாற்றுபவள் அவள். ஈன்றவுடன் குட்டியைத் துடைத்துச் சீம்பால் குடிக்க வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் செய்வாள். அறுப்பு நாளில் இறகு பிடுங்கவும் கூட உட்காருவாள். ஆனால் உண்ண மாட்டாள். வேறு இடத்திலிருந்து வரும் இறைச்சியை உண்பாள். முகம் தெரியாத விலங்கு என்றால் பரவாயில்லையா என்று நான் தொடக்கத்தில் விவாதித்திருக்கிறேன். “பரவாயில்லன்னு நான் சொல்லலை. என்னால முடியலைன்னுதான் சொல்றேன்” என்றாள். அதற்குப் பின் நான் கேட்கவில்லை. பதினொரு வயது மகள் இதற்கு நேர்மாறாக முடிவெடுத்திருக்கிறாள்: வீட்டில் வளர்ந்ததை மட்டும் உண்பாள், வெளியில் எங்கும் தொட மாட்டாள். ஒரே சமையலறையில் இந்த இரண்டு நிலைகளும் இருக்கின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆயினும் என் மனம் மகள் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

என்னை மிகவும் உலுக்கியது ஒரு நண்பரின் கேள்வி. அவர் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர். ஓர் இரவு அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஓர் ஆட்டுக்கு ஈற்று நோவு எடுத்தது. முன்னங்கால்கள் இரண்டும் மூக்கும் சேர்ந்து வர வேண்டிய இடத்தில் ஒரு கால் மட்டும் தெரிந்தது; மற்றது உள்ளே மடங்கியிருந்தது. நண்பர் டார்ச் பிடித்தார். நான் கையைக் கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே விட்டு, நோவுக்கும் நோவுக்கும் இடையில் குட்டியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டு காலை நிமிர்த்தினேன். விடியும் நேரத்தில் குட்டி வந்தது. மூச்சில்லை. வைக்கோலால் விலாவைத் தேய்த்து, மூக்கில் இருந்த சளியைத் துடைத்து, நண்பரும் நானும் மாறி மாறிப் பாடுபட்டபின் அது தும்மியது. கிடாக்குட்டி. கை கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: “இந்தக் குட்டிக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருந்தோம். இன்னும் ஒரு வருஷத்துல நீ இதை அறுப்ப. இந்த ரெண்டுல எது நீ?”

இரண்டும் நான்தான் என்றேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. நாங்கள் அன்று நெடுநேரம் பேசினோம். நாம் வளர்க்காவிட்டால் இந்த உயிரே பிறந்திருக்காது, குறைந்த நாளாயினும் நல்ல வாழ்வு கிடைத்ததே என்று நான் சொன்னேன். பிறக்காத உயிருக்கு இழப்பு என்று ஒன்று கிடையாது, பிறந்த உயிருக்குத்தான் சாவு இழப்பு என்று அவர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அந்த வாதத்தை நான் அன்றோடு கைவிட்டேன். நல்ல வாழ்வைக் கொடுப்பது என் கடமை. அது சாவுக்கான விலையோ ஈடோ ஆகாது. புல்லைத் தவிர வேறெதுவும் விளையாத நிலத்தில், ஆடுமாடு இல்லாமல் உயிர் வாழ முடியாத மக்களுக்கு இது தேவை. எனக்கு அப்படித் தேவை என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. திட்டமிட்டு உண்டால் தாவர உணவிலேயே நலமாக வாழலாம். வைட்டமின் பி12 போன்ற ஒன்றிரண்டைத்தான் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். நான் விரும்பி உண்கிறேன். விருப்பத்தைத் தேவை என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பதாவது நான் அந்த உயிர்களுக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

இயற்கைக்கு நல்லது செய்கிறேன் என்றும் நான் சொல்லிக்கொள்வதில்லை. வேகமாக வளரும் இனம் ஒரு கிலோ எடை கூட ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் உண்ணும். ஐந்தாறு மாதம் ஓடியாடி வளரும் என் சேவல் அதைவிட வெகு அதிகம் உண்கிறது. மிச்சம் மீதியும் புழுபூச்சியும் சேர்த்துக் கணக்கிட்டாலும் தானியம் வாங்கித்தான் ஆகிறது. எரு கிடைக்கிறது, நிலம் செழிக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இந்தப் பறவை நன்றாக வாழ வேண்டும் என்றால் இறைச்சி குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. நாங்கள் உண்பதைக் குறைத்தோம். முன்பு ஆண்டுக்கு மூன்று முறை அடை வைத்தோம், இப்போது ஒருமுறைதான். மற்ற நேரங்களில் அடைக்கு உட்காரும் பெட்டையை முட்டை வைக்காமல், காற்றோட்டமான கூண்டில் சில நாள் விட்டு, அடை கலைத்துவிடுகிறோம். மூன்று ஆடுகளையும் ஒரே ஆண்டில் சினைக்கு விடுவதில்லை. ஒன்று ஈன்ற பால் எங்கள் வீட்டுக்குப் போதும், ஓராண்டைத் தாண்டியும் கறக்க முடிகிறது. எங்கள் கொட்டிலில் சாவின் எண்ணிக்கையைக் குறைத்தது என் கத்தியின் திறமை அல்ல, பிறப்பின் எண்ணிக்கையை நாங்கள் முன்கூட்டியே எண்ணத் தொடங்கியதுதான்.

அன்று விடியலில் பிறந்த கிடாவை என்ன செய்தாய் என்று நண்பர் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். பதின்மூன்றாம் மாதத்தில் அறுத்தேன். அதற்கு முந்தைய மாலை அது வழக்கம்போல் மேய்ந்துவிட்டு வந்து, படுத்து, அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் அருகில் அமர்ந்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த ஈற்றுக்குத் தேவைப்பட்டால் கூப்பிடு என்றார்.

இந்த ஆண்டின் அடை இப்போது பதினெட்டாம் நாளில் இருக்கிறது. பழுப்புப் பெட்டை ஒன்று எட்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வைக்கும் முன் ஒவ்வொன்றிலும் மகள் பென்சிலால் தேதி எழுதினாள். நேற்றிரவு ஒன்றை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். காற்றறை மட்டும் வெளிச்சமாகவும் மீதி முழுவதும் இருண்டும் இருந்தது, இருட்டின் விளிம்பு ஒருமுறை அசைந்தது. எத்தனை சேவல் என்று மகள் கேட்டாள். நாலு இருக்கும் என்று வைத்துக்கொள் என்றேன். அவள் முட்டையைத் தேதி மேலே தெரியும்படி பெட்டையின் அடியில் திரும்ப வைத்துவிட்டு, அந்த நான்குக்குத் தனியாக ஓடியாட வேலியை எங்கே போடுவது என்று கேட்டாள். இன்று காலை இருவரும் குச்சி நட்டு இடத்தை அளந்தோம்.